பவழத்தின் கூட்டில் வெள்ளைத் தூசி

அருவிச் சத்தம் கேட்கிற தூரத்தில் ஒரு காடு இருந்தது, குழந்தைகளே. அந்தக் காட்டில் உயரமான ஓர் ஆயினி மரம். அதன் உச்சிக் கவட்டில், இலைகளைப் பந்தாகச் சுருட்டி வைத்தது போல ஒரு கூடு. அதில் பவழம் என்ற மலையணில் வாழ்ந்து வந்தாள்.

பவழத்துக்கு எல்லாம் சுத்தமாக இருக்க வேண்டும். படுத்திருக்கும் இலை லேசாக வாடினாலே மாற்றிவிடுவாள். பழம் தின்றால் கொட்டையைத் தன் மரத்தடியில் போட மாட்டாள். அடுத்த மரத்துக்குத் தாவிப் போய்ப் போட்டுவிட்டு வருவாள். தன் செம்பழுப்பு வாலை நுனி வரை கோதி முடித்த பிறகுதான் வெளியே கிளம்புவாள்.

"உன் வாலைப் பார்த்தால் கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி இருக்கிறது தங்கச்சி" என்று மேல்கிளையில் குடியிருக்கும் கருமந்திக் குரங்கு சொல்லும். "ஆனால் ஒரு யோசனை சொல்கிறேன் கேள். இடப்பக்கமாகக் கோதினால் இன்னும் படியும்."

கருமந்திக்கு யோசனை சொல்வதுதான் வேலை. எறும்புக்கு வழி சொல்லும். பாம்புக்குச் சட்டை உரிக்கச் சொல்லித்தரும். யாரும் கேட்டிருக்க வேண்டும் என்பதில்லை.

ஒரு கோடையில், நூலாக விழுந்துகொண்டிருந்த அருவியில் குளிக்க ஒரு குடும்பம் வேனில் வந்தது. கூடவே ஒரு கூண்டும் வந்தது. "பறவைகளுக்கும் கொஞ்சம் காற்று படட்டும்" என்று கூண்டை ஒரு மரக்கிளையில் மாட்டினார்கள். காற்று கொஞ்சம் பலமாகவே அடித்தது. கூண்டு ஆடிக் கதவின் கொக்கி கழன்றது. உள்ளே இருந்த இரண்டு பறவைகளும் மிரண்டு, கதவு எது காடு எது என்று தெரியாமல் பறந்துவிட்டன.

அந்தக் குடும்பம் இருட்டும் வரை கூப்பிட்டது. சீட்டியடித்தது. ஒரு பிள்ளை அழுதது. பறவைகளுக்கும் அது கேட்டது. ஆனால் பறக்கத் தெரிந்த அளவுக்கு, அவ்வளவு உயரத்திலிருந்து கீழே இறங்கத் தெரியவில்லை. மறுநாள் வேன் இல்லை.

பவழம் அவர்களைக் கண்டபோது, இரண்டும் ஒரே கிளையில் ஒட்டி உட்கார்ந்திருந்தன. ஒன்று வெள்ளை. இன்னொன்று சாம்பல். இரண்டுக்கும் கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு, தலையில் ஊசி போல நிமிர்ந்த கொண்டை.

"யாரம்மா நீங்கள்?" என்று கேட்டாள் பவழம்.

"நாங்கள் காக்டீல்" என்றது வெள்ளை.

"அப்படியென்றால்?"

"கிளிதான் அத்தை. ஆனால் பச்சை இல்லை. என் பேர் பொரி. இவன் என் அண்ணன், கடலை. வீட்டுப் பிள்ளைகள் வைத்த பேர்."

"பேரைக் கேட்டுச் சிரித்தால் கடிப்பேன்" என்றது சாம்பல்.

"நான் சிரிக்கவே இல்லையே!"

"சிரிக்கப் பார்த்தீர்கள்."

பவழத்துக்கு இப்போது உண்மையாகவே சிரிப்பு வந்தது. அதை வாலுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "பசிக்கிறதா?" என்று மட்டும் கேட்டாள்.

அன்று மாலை அவளுடைய கூட்டில் மூன்று பேர் படுத்தார்கள்.

காலையில் எழுந்ததும் கடலை நீளமாக ஒரு சத்தம் எழுப்பினான். "உஸ்ஸ்ஸ்ஸ்!" இன்னொரு முறை. மூன்றாம் முறை. பிறகு நிறுத்திக்கொண்டான்.

பவழம் பயந்துபோய்க் கூட்டின் மூலைக்குப் போய்விட்டாள். "பாம்பா?"

"குக்கர்" என்றான் கடலை. "மூன்று விசிலுக்கு மேல் வைத்தால் சாதம் குழைந்துவிடும்."

பவழத்துக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் நாளாக நாளாக அந்த விசிலைக் கேட்காமல் அவளுக்குப் பொழுதே விடியவில்லை. பொரி அவள் வால்மேல் ஏறி உட்கார்ந்து, வேனில் வந்த குடும்பத்தின் சீட்டியைப் பாதி ஞாபகத்தில் பாடுவாள். வெகுகாலம் தனியாக இருந்தவளுக்கு, வால்மேல் ஓர் உயிர் உட்கார்ந்து பாடுவது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

கொண்டையைப் படிக்கவும் பவழம் கற்றுக்கொண்டாள். யாரும் சொல்லித் தரவில்லை, கடிபட்டுக் கற்றுக்கொண்டாள். கொண்டை செங்குத்தாக நின்றால் திடுக்கிட்டிருக்கிறார்கள். தலையோடு ஒட்டிக் கிடந்தால் கோபமோ பயமோ, கிட்டே போகக் கூடாது. பாதி சாய்ந்து, நுனி மட்டும் மேலே வளைந்திருந்தால் எல்லாம் சுகம்.

கடலையிடம்தான் இந்தப் படிப்பு அதிகம் தேவைப்பட்டது. அவனாகவே தலையைக் குனிந்து, "சொரிந்துவிடுங்கள் அத்தை" என்பான்.

பவழம் விரலால் மெதுவாகச் சொரிவாள்.

"ஆங்... அங்கேதான். கொஞ்சம் மேலே. ஆங்... ஐயோ, அங்கே இல்லை!" நறுக்கென்று ஒரு கடி.

"ஏண்டா, இவ்வளவு நேரம் நன்றாகத்தானே இருந்தது?"

"இவ்வளவு நேரம் நன்றாகத்தான் இருந்தது" என்பான் கடலை, கொண்டையைப் படியவைத்துக்கொண்டு.

பொரியிடம் அந்தத் தொல்லையே இல்லை. எதைக் கேட்டாலும் "சரி அத்தை." எதைக் கொடுத்தாலும் "நன்றாக இருக்கிறது அத்தை." பிடிக்காத பழத்தையும் சத்தமில்லாமல் தின்றுவிடுவாள்.

எல்லாம் சரி. ஒன்றே ஒன்றுதான் சரியில்லை.

தூசி!

காலையில் இருவரும் சிறகை விரித்து ஒரு உதறு உதறினால், கடைக்காரர் மைதா மூட்டையைத் தட்டியது போல வெள்ளைப் பொடி கிளம்பும். அது பவழம் புதிதாகப் போட்ட இலைமேல் விழும். எடுத்து வைத்த பழத்தின்மேல் விழும். கோதி முடித்த செம்பழுப்பு வால்மேல் வந்து மெல்லப் படியும். பவழம் துடைப்பாள். துடைத்து நிமிர்வதற்குள் கடலை மறுபடி உதறுவான்.

"உங்கள் வீட்டில் இதை எப்படித்தான் பொறுத்துக்கொண்டார்கள்?"

"தினமும் பெருக்குவார்கள் அத்தை" என்றாள் பொரி. "அப்போதும் தும்முவார்கள்."

பவழமும் தும்மினாள். காலையில் தும்மினாள், மாலையில் தும்மினாள். அதைக்கூடப் பெரிதாக நினைக்கவில்லை. ஆனால் ஒரு நாள் ஆயினி மரத்திலிருந்து பலா மரத்துக்குத் தாவும்போது, நடு ஆகாயத்தில் தும்மல் வந்துவிட்டது.

"அச்!"

உடம்பு குலுங்கியது. பிடிக்க வேண்டிய கிளை கையை விட்டுப் போனது. இரண்டு கிளை கீழே விழுந்து, ஒரு கொடியைப் பிடித்துத் தொங்கினாள். கீழே பாறை. பவழத்தின் நெஞ்சு அடித்த அடி அவள் காதுக்கே கேட்டது.

மேலேயிருந்து கருமந்தி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது.

"தங்கச்சி, இப்படியே போனால் ஒரு நாள் கொடி இருக்காது. பாறைதான் இருக்கும்" என்றது. "அந்தப் பறவைகளை அனுப்பிவிடு."

"எங்கே அனுப்புவது அண்ணே? அவர்களுக்கு யார் இருக்கிறார்கள்?"

"அப்படியென்றால் தூசியை அனுப்பு. இதற்கு ஒரு யோசனை இருக்கிறது." கருமந்தி தாடையைச் சொரிந்தது. "அருவிக்கு வரும் மனிதர்களைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? வரும்போது தலைமுடி எப்படிப் பறக்கும்? உச்சியிலிருந்து பாதம் வரை எண்ணெய் தேய்த்துக் குளித்த பிறகு எப்படிப் படிந்து கிடக்கும்? பொடுகு உண்டா? தூசி உண்டா? அத்தனையும் அடங்கிவிடும். இவர்களுக்கும் எண்ணெய் தேய்த்துவிடு."

பவழம் யோசித்தாள். எண்ணெய் என்றால் நல்லதுதான். அருவியில் குளித்துவிட்டுப் போகிறவர்களின் முகத்தில் எவ்வளவு சுகம் இருக்கிறது! தனக்கும் நல்லது, பிள்ளைகளுக்கும் நல்லது.

கருமந்தி அன்றைக்கே அருவிக்கரைக்குப் போய், யாரோ மறந்துவிட்டுப் போன எண்ணெய்ப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தது. அடியில் கொஞ்சம் நல்லெண்ணெய் இருந்தது.

"இதை உங்களுக்குத் தேய்த்துவிடட்டுமா?" என்று கேட்டாள் பவழம்.

கடலையின் கொண்டை படீரென்று தலையோடு ஒட்டியது. "கையைக் கொண்டுவந்து பாருங்கள்!" என்று சீறினான்.

"ஏண்டா, நல்லதுக்குத்தானே சொல்கிறேன்?"

"எனக்குப் பிடிக்கவில்லை."

"ஏன் பிடிக்கவில்லை?"

"ஏன் என்று தெரியவில்லை. பிடிக்கவில்லை."

"பார்த்தாயா, திமிரை!" என்றது கருமந்தி.

பவழம் பொரியின் பக்கம் திரும்பினாள். பொரியின் கொண்டையும் ஒரு கணம் செங்குத்தாக நின்றது. பவழம் அதைப் பார்த்தாள். ஆனால் அதற்குள் பொரி, "உங்களுக்குத் தும்மல் நிற்கும் என்றால் சரி அத்தை" என்று சொல்லிவிட்டாள். கேட்க நினைத்ததைக் காது கேட்டுவிட்டதால், கண் பார்த்ததைப் பவழம் விட்டுவிட்டாள்.

எண்ணெயை உள்ளங்கையில் எடுத்து, மிருதுவாக, இறகு இறகாகத் தேய்த்தாள். முதுகு, நெஞ்சு, இறக்கை, கடைசியாகக் கொண்டை. பொரி கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

தேய்த்து முடித்ததும் பொரி கோயில் சிலை மாதிரி மின்னினாள். உதறிப் பார்த்தாள். ஒரு பொடி கிளம்பவில்லை.

"அடங்கிவிட்டது பார்!" என்று கருமந்தி கிளையில் குதித்தது.

"நீயும் தேய்த்துக்கொள்ளேன்" என்று பவழம் கடலையிடம் மறுபடி கேட்டாள்.

"மாட்டேன்."

"அப்படியென்றால் கீழ்க்கிளையில் என் பழைய கூடு இருக்கிறது. தூசி அடங்கும் வரை நீ அங்கே படுத்துக்கொள்."

கடலை பொரியைப் பார்த்தான். பவழத்தைப் பார்த்தான். கீழ்க்கிளைக்குப் பறந்து போய்விட்டான்.

அடுத்து வந்த நாட்களில் பவழம் தும்மவில்லை. இலை பச்சையாகவே இருந்தது. வால் மின்னியது. மரத்துக்கு மரம் பயமில்லாமல் தாவினாள். ஆனால் காலையில் மேல்கூட்டில் குக்கர் விசில் இல்லை. கீழ்க்கிளையில் அது ஒரே ஒரு முறை கேட்கும். இரண்டாவது விசில் வராது.

பொரியும் அதிகம் பாடவில்லை. எண்ணெயின் கனத்தில் அவள் கொண்டை தலையோடு ஒட்டியே கிடந்தது. நிமிரவும் இல்லை, வளையவும் இல்லை. பவழம் பக்கத்தில் உட்கார்ந்து உற்றுப் பார்ப்பாள். பயமா, கோபமா, தூக்கமா? எதுவும் தெரியவில்லை. படிக்கப் பழகிய ஒரே எழுத்தும் அழிந்து போயிருந்தது.

"பொரிக்கண்ணு, உனக்கு என்னம்மா?"

"ஒன்றுமில்லை அத்தை. நன்றாகத்தான் இருக்கிறேன்."

"பார், எவ்வளவு அடக்கமாக இருக்கிறாள்!" என்றது கருமந்தி.

அடக்கமாகத்தான் இருந்தாள். அதுதான் பவழத்துக்கு உறுத்தியது. ஆனால் என்ன உறுத்துகிறது என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

அப்புறம் சாரல் வந்தது.

மலைக்கு அந்தப் பக்கம் கறுத்து, காற்று திரும்பி, ஒரு காலையில் மழை மெல்லிசாக இறங்கியது. நூலாக விழுந்த அருவி பருத்தது. காடு முழுக்கச் சந்தோஷம். தவளைகள் கத்தின. கருமந்திகூட யோசனை சொல்வதை மறந்து வாயைத் திறந்து மழையைக் குடித்தது.

பொரியும் கடலையும் மழையில் நனைந்ததே இல்லை. வீட்டில் அவர்களுக்கு மழை என்றால் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கேட்கும் ஒரு சத்தம், அவ்வளவுதான்.

"அத்தை, நான் போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமா?" என்று கேட்டாள் பொரி. பல நாட்களுக்குப் பிறகு அவளாகக் கேட்டது அது ஒன்றுதான்.

"போய்விட்டு வா. நான் போய்ப் பழம் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன்."

பொரி பலா மரத்துக்குப் பறந்தாள். பவழம் வேறு திசையில் தாவினாள். கீழ்க்கிளையில் இருந்த கடலையும் வெளியே வந்து சிறகை விரித்தான்.

வேடிக்கையாக இருந்தது. கடலையின்மேல் விழுந்த துளி, சேம்பு இலைமேல் விழுந்தது போல முத்தாக உருண்டு ஓடியது. ஓர் உதறு. துளியெல்லாம் தெறித்தது. உள்ளே இறகு பொடியோடு, வெதுவெதுப்பாக அப்படியே இருந்தது. "அட!" என்று அவனே ஆச்சரியப்பட்டுக்கொண்டான். இன்னும் ஒரு முறை நனைந்தான். இன்னும் ஒரு முறை உதறினான்.

"பொரி! இங்கே பார்!" என்று கத்தித் திரும்பினான்.

பொரி பார்க்கவில்லை.

அவள்மேல் விழுந்த துளி உருளவில்லை. எண்ணெயில் ஒட்டித் திரிதிரியாகக் கிடந்த இறகுகளுக்கு நடுவே புகுந்து, தோல் வரை இறங்கிவிட்டது. பஞ்சு மாதிரி இருந்தவள் ஈரத்துணி மாதிரி சுருங்கிவிட்டாள். உதறப் பார்த்தாள். இறக்கை விரியவில்லை. பறக்கப் பார்த்தாள். கால் மட்டும் நடுங்கியது.

"பொரி, பறந்து வா!"

"முடியவில்லை அண்ணா" என்றாள் பொரி. பிறகு, பழக்க தோஷத்தில், "பரவாயில்லை" என்றாள்.

கடலை ஒரே பாய்ச்சலாக மேலே பறந்தான். பவழத்தின் கூடு காலியாக இருந்தது. மழை இரைச்சலில் கூப்பிட்டால் யாருக்குக் கேட்கும்? மரத்தின் உச்சிக்குப் போய், உயிரைக் கொடுத்து விசிலடித்தான்.

"உஸ்ஸ்ஸ்ஸ்!"

தூரத்தில் நாவல் மரத்தில் இருந்த பவழம் நிமிர்ந்தாள். 'கடலை மேலே வந்திருக்கிறானா!' என்று மனம் குளிர்ந்தது. இரண்டாவது விசில் வந்தது. மூன்றாவது வந்தது.

நான்காவதும் வந்தது. ஐந்தாவதும் வந்தது.

பவழம் கையிலிருந்த பழத்தைப் போட்டாள். கடலை மூன்றுக்கு மேல் அடிக்கவே மாட்டான்.

வழுக்கும் கிளைகளில், தும்மினால் விழுவோமே என்ற நினைப்புக்கூட இல்லாமல் தாவி வந்தாள். கடலை முன்னால் பறந்து வழி காட்டினான். பலா மரத்தில் பொரி கிளையோடு கிளையாகச் சாய்ந்து கிடந்தாள். பவழம் அவளைத் தன் குட்டியைத் தூக்குவது போலக் கழுத்தோரம் மென்மையாகக் கவ்விக்கொண்டாள். நாக்கில் நல்லெண்ணெய் கசந்தது.

கூட்டுக்குள் கொண்டுவந்து கிடத்தினாள். வாலால் ஒற்றினாள். இலையால் துடைத்தாள். மேலே இருந்த தண்ணீர் போனது, உள்ளே இருந்தது போகவில்லை. பொரியின் உடம்பு ஐஸ் மாதிரி இருந்தது. கண் பாதி மூடியிருந்தது.

"தங்கச்சி, ஒரு யோசனை" என்று வாசலில் கருமந்தி தலையை நீட்டியது. "நாளைக்கு வெயில் வந்ததும் இவளை..."

"அண்ணே" என்றாள் பவழம். குரல் உயரவில்லை. "இவளுக்கு நாளை வரைக்கும் தாங்காது. கொஞ்சம் சும்மா இருக்கிறீர்களா?"

கருமந்தி வாயை மூடியது. பொரியைப் பார்த்தது. கூட்டின் வாசல் வழியாகச் சாரல் உள்ளே அடிப்பதைப் பார்த்தது. மெல்லத் திரும்பி, தன் பெரிய முதுகை வாசலுக்குக் கொடுத்து உட்கார்ந்துகொண்டது. காற்று நின்றது.

கடலை பொரியின் அருகில் ஒண்டினான். தன் இறக்கையை விரித்து அவள்மேல் போர்த்தினான். அப்போது அவன் இறகிலிருந்து கொஞ்சம் பொடி அவள் முதுகில் கொட்டியது.

பவழம் பார்த்தாள். பொடி விழுந்த இடத்தில், ஒட்டிக் கிடந்த இறகு ஒன்று எண்ணெயை விட்டு இலேசாகப் பிரிந்து நின்றது.

அவனைத் தொட்டுப் பார்த்தாள். மழையில் நனைந்து வந்தவன் உள்ளே காய்ந்து, கதகதப்பாக இருந்தான். பொரியைத் தொட்டுப் பார்த்தாள். மழையைத் தோல் வரை விடாமல் காப்பது அந்தப் பொடிதான் என்று பவழத்துக்கு விளங்கிவிட்டது.

"கடலை, உதறு."

"என்ன அத்தை?"

"உதறுடா! உன் பொடி முழுக்க அவள்மேல் விழட்டும்."

"கூடெல்லாம் தூசியாகுமே? உங்களுக்குத் தும்மல் வருமே?"

"வரட்டும். உதறு!"

கடலை உதறினான். சின்னக் கூட்டுக்குள் வெள்ளை மேகம் எழுந்தது. பவழம் அந்தப் பொடியைத் தன் வாலில் ஏந்தி, பொரியின்மேல் இறகு இறகாக ஒற்றி எடுத்தாள். எண்ணெயைக் குடித்த பொடி உருண்டை உருண்டையாக உதிர்ந்தது. "இன்னும்!" என்றாள். கடலை அலகால் தன் முதுகைக் கோதிக் கோதி உதறினான். பவழம் தும்மினாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது, தும்மலாலா அழுகையாலா என்று அவளுக்கே தெரியாது. "இன்னும் கொஞ்சம்டா, ராஜா."

வாசலில் உட்கார்ந்திருந்த கருமந்தியும் தும்மியது. ஆனால் முதுகை எடுக்கவில்லை.

தன் நெஞ்சுச் சூட்டில் பொரியை அணைத்து, வாலால் சுற்றி, பவழம் அசையாமல் இருந்தாள். அந்தப் பக்கம் கடலை ஒட்டிக்கொண்டிருந்தான். மழை பெய்துகொண்டே இருந்தது. மதியம் போனது. நடுக்கம் முதலில் அதிகமானது. பிறகு குறைந்தது.

சாயங்காலம் மேகம் கொஞ்சம் விலகி, கருமந்தியின் தோளுக்கு மேலாக ஒரு கீற்று வெளிச்சம் உள்ளே வந்தது. பவழம் குனிந்து பார்த்தாள். பொரியின் தலையில், நாட்கணக்காக ஒட்டிக் கிடந்த கொண்டையில் ஓர் இறகு அசைந்தது. அப்புறம் இன்னொன்று. நடுங்கி நடுங்கி, பாதி எழுந்து, நுனியில் மட்டும் மேலே வளைந்து நின்றது.

"அண்ணே, திரும்பிப் பாருங்கள்" என்றாள் பவழம்.

கருமந்தி திரும்பிப் பார்த்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டது.

எண்ணெய் பட்ட இறகெல்லாம் உதிர்ந்து, புது இறகு முளைக்கக் கொஞ்ச காலம் ஆயிற்று. அது வரை மழை வந்தால் பொரி கூட்டுக்குள்தான். கடலையும் மேல்கூட்டுக்கே வந்துவிட்டான். பவழமே போய்க் கூப்பிட்டாள். "உனக்குப் பிடிக்காததை நீ அன்றைக்கே சொன்னாய். நான்தான் கேட்கவில்லை. வாடா" என்றாள். அவன் கொண்டையைக் கொஞ்ச நேரம் படியவைத்துக் காட்டிவிட்டு, அப்புறம் வந்தான்.

தூசி? தூசி இருந்தது. தூசி இல்லாமல் எங்கே போகும்?

பவழம் ஒரு நாள் பூராவும் விரலை எச்சிலில் நனைத்து நனைத்து, காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தாள். அருவியிலிருந்து வரும் காற்று கூட்டைத் தொட்டுவிட்டு, தெற்குக் கிளை வழியாகப் போனது. "இனிமேல் உதறுவதெல்லாம் அந்தக் கிளையில்" என்றாள். தன் படுக்கையையும் பழத்தையும் வடக்குப் பக்கம் மாற்றிக்கொண்டாள். காலையில் பனி கோத்த இலைகளை வளைத்துக் கொடுத்தாள். இருவரும் அதில் புரண்டு குளித்தார்கள். குளித்த நாளில் தூசி குறைவாகப் பறந்தது. மீதி இருந்த தும்மலை, தாவுவதற்கு முன்னாலேயே கிளையில் நின்று தும்மி முடித்துவிட்டுத்தான் கிளம்புவாள்.

"அச்! அச்! சரி, போய்விட்டு வருகிறேன்."

வாலில் மட்டும் எப்போதும் கொஞ்சம் வெள்ளைப் பொடி இருக்கும். அதைக் கோதிவிட அவள் அவசரப்படவில்லை.

ஒரு காலையில் பவழம் நல்ல சிவப்பாக ஒரு பழத்தை எடுத்துவந்து பொரியிடம் நீட்டினாள். "இந்தா கண்ணு. உனக்குப் பிடிக்குமே."

பொரி பழத்தைப் பார்த்தாள். பவழத்தைப் பார்த்தாள். புதிதாக முளைத்த கொண்டை மெல்ல மெல்லத் தலையோடு படிந்தது.

"இல்லை அத்தை" என்றாள். "இது எனக்கு எப்போதுமே பிடிக்காது."

மேல்கிளையில் இருந்த கருமந்தி ஏதோ சொல்ல வாயைத் திறந்தது. கடலை அதை ஒரு பார்வை பார்த்தான். அது வாயை மூடிக்கொண்டது.

பவழத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. "அப்படியா? அப்படியென்றால் வேண்டாம், வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே, அந்தப் பழத்தைத் தானே தின்றாள். அதன்மேல் கொஞ்சம் தூசி இருந்தது.

நீதி: நம்மோடு வாழ்பவரிடம் நமக்குத் தொல்லையாகத் தெரிவதே அவருக்குப் பாதுகாப்பாக இருக்கலாம், அதைத் துடைத்தெடுக்காமல், நாம் கொஞ்சம் காற்று பார்த்துத் தள்ளி உட்காரப் பழக வேண்டும்.